கூதெனோ ஆற்றங்கரையில் ஒரு பிள்ளையார் குட்டு

டென்மார்க்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. என்னை அங்கே அனுப்பியவர் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மகள் சாந்தினியோடு தங்கியிருந்த ஓர் இளைப்பாறிய தபாலதிபர். என் தம்பி குகனின் மாமனார். கலியாணம் முடித்த கையோடு அகதியாகப் போன தம்பி, இன்னும் சாந்தினியைக் கூப்பிட்டு எடுக்கவில்லை என்று அவருக்குக் கோபம். லண்டனில் இருந்த எனக்கு ஃபோன் எடுத்தார்.

“பிள்ளை, நான் ஆயுள் முழுக்கத் தபால் கந்தோரில இருந்தவன். வெள்ளைக்காரன்ர கந்தோரில ஒரு கடதாசி சும்மா கிடக்குமோ? ஒண்டில் உம்மட தம்பி விண்ணப்பம் போடேல்லை. இல்லாட்டி அங்க ஆரையோ வைச்சிருக்கிறான். நேரில போய்ப் பாத்து எனக்கு உண்மையைச் சொல்லும். என்ர மூத்த மகன் இவளைக் கனடாவுக்குக் கூப்பிட நிக்கிறான். நீர் சொல்லுறதைப் பாத்து அனுப்பிப்போடுவன்.”

கனடாவுக்குப் போனால் அந்தக் கலியாணம் அவ்வளவுதான் என்பது சொல்லாமலே விளங்கியது. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். கோடை விடுமுறை வந்ததும் பெட்டியைக் கட்டினேன்.

முதல்நாளே கோணல். கப்பலால் இறங்கி ரயிலில் ஏறியவள், மாற வேண்டிய இடத்தில் நன்றாக நித்திரை. கண் விழித்தபோது வண்டி ஒரு கடலைத் தாண்டி ஒடென்சே என்ற நகரத்தில் நின்றது. மேடையில் பெட்டியும் நானுமாக முழித்துக்கொண்டிருக்க, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பொடியன் வந்தான்.

“அக்கா யாழ்ப்பாணமா? நான் மட்டக்களப்பு” என்றான். கோப்பி வாங்கித் தந்தான். சரியான வண்டியில் ஏற்றிவிடும்போது, “லண்டனில ஏதும் கேள்விப்பட்டீங்களா அக்கா? என்ட பொஞ்சாதியும் வரல்ல, இஞ்ச ஒருத்தர்ர பொஞ்சாதியும் வரல்ல. ஏனெண்டு தெரியல்ல” என்றான். எல்லா ஆம்பிளைகளும் ஒரே சாட்டைச் சொல்லப் பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி இருந்தது விபோர்க்குக்குக் கிழக்கே, கூதெனோ ஆற்றின் கரையில் உள்ள சிறிய தொழிற்சாலை ஊரில். என்னை ஏற்றிக்கொள்ள, கூரையில் ஒரு நீட்டுப் படகைக் கட்டிய பழைய வான் வந்தது. ஓட்டியவன் நாற்பதை நெருங்கும் வெள்ளைக்காரன். தோளைப் பார்த்தால் பயில்வான், காலைப் பார்த்தால் பட்டினி கிடந்தவன். தம்பி அறிமுகப்படுத்தினான். “வாஷெக் அண்ணை. செக் நாட்டுக்காரர். தொழிற்சாலையில என்னோட வேலை. ரெண்டு பேரும் ஒரு வீட்டிலதான் இருக்கிறம்.” வாஷெக் அரைக் காற்சட்டை போட்டிருந்தான். இரண்டு முழங்காலும் காய்த்துக் கறுத்திருந்தன. மண்டியிட்டு மண்டியிட்டுச் செபிக்கிற கத்தோலிக்கராக்கும், தம்பிக்கு நல்ல சேர்க்கைதான் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி வீட்டுக்குள் கால் வைத்ததும் போய்விட்டது. சமையலறைத் தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு படம். ஈரத் தலைமுடியோடு, துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. சாந்தினியின் கலியாணப் படமோ தம்பியின் அறைக்குள் கட்டில் தலைமாட்டில் இருந்தது. பெண்சாதி அறைக்குள், இவள் சமையலறையில். தபாலதிபர் சொன்னது சரிதான் போலும் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வந்தவுடன் சண்டை பிடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது இலேசான வேலையில்லை.

அடுத்த இரண்டு நாளும் ஊர் பார்த்தேன். கறுத்த பாண் ஒன்று தந்தார்கள். செங்கல்லைச் சீவியது போலிருந்தாலும் மத்தியானம் வரை பசி எடுக்கவில்லை. புளிக்க ஊறவைத்த மீனை என் நாக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. தெருவோரத்தில் ஒரு மேசை, அதன் மேல் புது உருளைக்கிழங்குப் பைகள், பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பேணி. விற்க ஒரு ஆளும் இல்லை. எங்கள் ஊரில் என்றால் பின்னேரம் மேசையும் மிஞ்சாது என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆற்றைப் பார்த்தும் சிரித்தேன். நாட்டிலேயே நீளமான ஆறாம், எங்கள் குளத்து வாய்க்காலைக் கொஞ்சம் அகட்டியது போல இருந்தது. ஆனால் நான் சிரிக்கப்படாது. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள், மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர எங்கள் யாழ்ப்பாணத்தில் எந்த ஆறு இருக்கிறது? கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த தம்பி, சனி ஞாயிறு முழுக்க அந்த ஆற்றங்கரையிலேயே கிடப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

“வீட்டில தனிய இருந்தா விசர் பிடிக்கும் அக்கா” என்றான்.

“பெண்சாதியைக் கூப்பிட்டா ஏன் தனிய இருக்கிறாய்?”

“எப்பவோ விண்ணப்பம் குடுத்திட்டன். கோபன்ஹேகனுக்கு ரெண்டு தரம் போயும் கேட்டுப்போட்டன். பாக்கினமாம். அதுக்கு மேல ஒரு கதையும் இல்லை.”

அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டு நிற்கும் முகமும் இதே முகம்தான். எனக்கு அவனை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் தபாலதிபர் என்னிடம் கேட்டது உண்மையை.

வெள்ளிக்கிழமை வாஷெக் சமைத்தான். மாவைப் பிசைந்து, உலக்கைபோல உருட்டி, ஆவியில் அவித்து, கத்தி வைக்காமல் ஒரு நூலைச் சுற்றி இழுத்து வட்டம் வட்டமாக வெட்டினான். அவித்த மாவைக் கண்டதும் எனக்கு அவன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. உலர்ந்த தேங்காய்ப்பூவில் ஒரு சம்பல் அரைத்து வைத்தேன். அவன் கண்ணீர் வடிய வடிய மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான்.

நல்ல நேரம் பார்த்து, சிரித்த முகத்தோடு, வாஷெக்குக்கு விளங்காமல் தம்பியிடம் தமிழில் கேட்டேன். “ஆரடா அந்தத் தட்டில சிரிக்கிறவள்?”

தம்பி வாய் திறக்கமுன் வாஷெக் என் கண் போன திசையைப் பார்த்துவிட்டான். நெஞ்சில் கையை வைத்து, “தங்கச்சி” என்றான். எங்கள் தமிழில் அவனுக்குத் தெரிந்தவை ஓம், அக்கா, சோறு, தங்கச்சி ஆகிய நான்கு சொற்கள்தான். அவற்றில் ஒன்றை ஏன் படித்து வைத்திருந்தான் என்பது அன்றுதான் விளங்கியது. அவன் சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி சம்பல் போட்டுவிட்டு அவன் கதையைக் கேட்டேன். அவன் டேனிஷில் சொல்ல, தம்பி தமிழாக்கினான்.

அவன் பிறந்தது ஆறு வளைந்து சுற்றும் ஒரு பழைய நகரத்தில். மா அரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் அணைக்கட்டு, அதன் கீழே தண்ணீர் சீறிப் பாயும். அப்பா தச்சர், தானே படகு செய்து மகனை அதற்குள் மண்டியிட வைத்தார். முழங்கால் காய்த்தது அதனால்தான், கோயிலுக்கு அவன் போனதே இல்லையாம்.

அந்த விளையாட்டையும் விளக்கினான். ஓடும் தண்ணீருக்கு மேலே கம்பி கட்டிச் சோடி சோடியாகத் தடிகளைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு வாசல். பச்சை வாசலுக்குள்ளால் தண்ணீரோடு இறங்க வேண்டும், சிவப்பு வாசலுக்குள்ளால் தண்ணீரை எதிர்த்து ஏற வேண்டும். தடியில் துடுப்போ படகோ உடம்போ பட்டால் ஐந்து விநாடி தண்டம். வாசலைத் தவறவிட்டால் ஐம்பது.

வாஷெக் பள்ளிக்கூடப் போட்டிகளில் வென்று, பட்டாளத்து விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து, நாட்டுக் குழுவுக்குப் போனான். உலகப் போட்டி ஒன்றில் மூன்றாவதாக வந்தான். ஊரில் பேக்கரிக்காரன் காசு வாங்காமல் பாண் கொடுத்த காலம் அது என்றான். பிறகு ஒரு சுழியில் தோள் மூட்டுக் கழன்றது. ஆறி வந்தபோது மாற்று ஆளாகக் கரையில் உட்கார வைத்தார்கள்.

“அப்ப கம்யூனிஸ்ட் கட்சிப் பெரியவர் ஒராள் கூப்பிட்டுச் சொன்னவராம் அக்கா, உன்னைப் பயிற்சியாளர் ஆக்கிறம், ஆனா குழு போற பஸ்ஸுக்குள்ள ஆர் ஆர் என்ன கதைக்கினம் எண்டு எங்களுக்கு வந்து சொல்லவேணும் எண்டு. அண்ணை ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ஒஸ்திரியாவில ஒரு போட்டி முடிஞ்ச அடுத்தநாள் காலமை, பஸ்ஸில ஏறாமல் விட்டிட்டார்.”

சுற்றிச் சுழன்று டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தான். மலையே இல்லாத நாட்டில் வெள்ளத்தில் படகு விடுகிறவன். நீர்மின் நிலையத்துக்குக் கீழே தண்ணீர் கொஞ்சம் துள்ளுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே தடிகளைத் தொங்கவிட்டிருக்கிறான்.

தங்கச்சி யீட்காவும் நாட்டுக் குழுவில்தான். அண்ணன் ஓடிப்போனதால் அவளை வெளிநாட்டுப் போட்டி எதற்கும் அனுப்பவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தக் கோடையில்தான் முதல்முறை மேற்கு ஜெர்மனிக்கு விடுகிறார்கள். ஆனால் கூடவே காவலுக்கு ஆள் வரும். பார்வையாளனாகப் போனால் வாஷெக்கைக் கிட்டவும் நெருங்க விடமாட்டார்கள். போட்டியாளனாக நெஞ்சில் எண் கட்டிப் போனால், படகு இறக்கும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. டென்மார்க்கிலிருந்து அவன் வகைப் படகுக்கு ஒரேயொரு இடம். அது யாருக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் தெரியும்.

“ஆறு வருசம்” என்றான் வாஷெக். தம்பி அதைத் தமிழாக்கத் தேவையிருக்கவில்லை, விரல்களைக் காட்டினான்.

சனிக்கிழமை பின்னேரம் தடிகளைப் புதிதாக மாற்றிக் கட்டினார்கள். மாற்றிய பிறகு யாரும் தண்ணீரில் இறங்கிப் பழகக் கூடாது என்பது சட்டம். கரையில் நடந்து பார்த்து மனப்பாடம் பண்ண வேண்டும். வாஷெக் புல்லில் மண்டியிட்டு, கண்ணை மூடி, இல்லாத துடுப்பை வலித்தான். இடுப்பு வளைந்தது, தலை குனிந்தது, தோள் திரும்பியது. பார்த்தால் உருவேறியது போல. கடைசி வாசல் முடிந்ததும் இரண்டு கை முட்டியாலும் நெற்றிப் பொட்டில் இரண்டு தரம் குட்டிக்கொண்டான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “என்னடா, பிள்ளையாருக்குக் குட்டுறான்!”

“தகப்பன் பழக்கினதாம் அக்கா. பாடமாக்கினது வெளியில போகாமல் பூட்டுறதாம். தங்கச்சியும் இப்பிடித்தானாம், வேற ஒருத்தரும் செய்யிறேல்லை.”

ஞாயிறு காலை காற்று. ஓகஸ்ட் மாதமென்று பேர், சேலைக்கு மேல் தம்பியின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். சிவப்புச் சாயம் போட்ட சொசேஜ் விற்றார்கள். கோப்பிப் போத்தல்களோடு ஒரு ஐம்பது அறுபது சனம். கரை நெடுக ஆட்களை உட்கார்த்தி, ஆளுக்கு இரண்டு மூன்று வாசலைக் கண்காணிக்கக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்க நுளம்புக்கடியில் குந்தியிருக்க ஆள் கிடைக்காததால் தம்பியும் ஒரு நடுவர். கையில் ஐந்து என்று எழுதிய ஒரு தட்டு, ஐம்பது என்று எழுதிய இன்னொன்று. அவனுக்கு இந்த வேலையைப் பழக்கியதே வாஷெக்தான்.

வாஷெக்குக்குச் சரியான போட்டி ஓகூஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு பல்வைத்தியர். ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்லதை எடுப்பார்கள். முதல் ஓட்டத்தில் வாஷெக் ஒரு வாசலைத் தவறவிட்டு ஐம்பதை வாங்கிக்கொண்டான். பல்வைத்தியர் ஒரு தடியிலும் படாமல் வந்து, சிரித்த முகத்தோடு கோப்பி குடித்தார்.

இரண்டாவது ஓட்டத்தில் வாஷெக் இறங்கியபோது நானும் கரையில் கட்டியிருந்த கயிற்றோரம் போய் நின்றேன். கண்ணை மூடிப் புல்லில் செய்ததையெல்லாம் அப்படியே தண்ணீரில் செய்தான். தம்பிக்கு முன்னால் இருந்தது ஒரு சிவப்பு வாசல். வாஷெக் படகைச் சுழற்றி, நீரை எதிர்த்து ஏறி, தடிக்குக் கீழே உடம்பை மடித்துக்கொண்டு வழுக்கி வெளியே வந்தான். தடி ஆடியதா? கொஞ்சம் ஆடியது. காற்றுக்கு எல்லாத் தடியும்தான் ஆடின. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பல்வைத்தியரைவிட மூன்று விநாடி முந்திவிட்டான் என்று ஒலிபெருக்கி சொல்லியது. சனம் கை தட்டியது.

தம்பி ஐந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மஞ்சள் மழைச்சட்டை போட்ட தலைமை நடுவர் அம்மா ஓடி வந்தாள். காற்றாக இருக்குமோ என்று கேட்டாள். எதிர்க்கரை நடுவர் தனக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தார். தம்பி சொன்னால் சொன்னதுதான். எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் கத்தினேன்.

“டேய் குகன்! காத்தடா அது! காத்தெண்டு சொல்லு!”

அங்கே அது விளங்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். தட்டை இறக்கவில்லை. மூன்று விநாடி முந்தியவன் இரண்டு விநாடி பிந்திப்போனான்.

வாஷெக் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினான். பல்வைத்தியருக்குக் கை கொடுத்தான். வானில் மூவரும் முன்னுக்கு நெருங்கி உட்கார்ந்து வந்தோம். வீட்டு வாசலில் வாஷெக் “அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அன்று தம்பி சாப்பிடவில்லை. நான் விட்டேனா?

“இவ்வளவு காலமா உன்னைத் தன்ர வானில கொண்டு திரியிற மனுசன். தங்கச்சியைப் பாக்கப் போற வழியை அடைச்சுப்போட்டியே! பட்டால்தான் என்ன? ஆர் கண்டது?”

“நான் கண்டனான்.”

“உனக்கென்ன கல்நெஞ்சோ?”

“அக்கா, இண்டைக்கு நான் கண்டதைக் காணேல்லை எண்டு விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சையோட கந்தோரில போய் நிக்கிறது? என்ர பைலை ஒழுங்கா, முறைப்படி பாருங்கோ எண்டு எப்பிடி வாய் திறந்து கேக்கிறது?” சொல்லிவிட்டுக் குழந்தைப்பிள்ளை போல அழுதான். பக்கத்தில் இருந்து தலையைத் தடவினேன்.

திங்கள் காலை நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்க வாஷெக் வந்தான். தம்பிக்கு முன்னால் நின்று, தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான். அவன் டேனிஷில் சொன்னதைத் தம்பி பிறகு எனக்குத் தமிழாக்கினான். “இவ்விடத்தில பட்டது. துணிதான் பட்டது, எனக்குத் தெரிஞ்சது. நீ தூக்குறியோ எண்டு பாத்தனான். தூக்காமல் விட்டிருந்தா இனி உன்னோட கதைக்கப்படாது எண்டு நினைச்சன். தூக்கினாப் பிறகு உன்னைக் கொல்லவேணும் போல கிடந்தது.” அதைச் சொல்லிவிட்டு இரண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டான். இருவரும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள்.

நான் தெரு முனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போய் வெள்ளவத்தைக்கு எடுத்தேன்.

“மாமா, அவன் விண்ணப்பம் போட்டிருக்கிறான். கந்தோர்க்காரர்தான் பாக்காமல் வைச்சிருக்கினம்.”

“கடதாசியைக் கண்ணால கண்டனீரோ?”

“காணேல்லை.” ஞாயிற்றுக்கிழமைக் கதையை மூச்சு விடாமல் சொன்னேன்.

“ஒரே வீட்டில இருக்கிற சிநேகிதனுக்கோ?”

“ஓம் மாமா.”

“அஞ்சு விநாடிக்கோ?”

“ஓம்.”

“சரி பிள்ளை” என்றார் தபாலதிபர். “சாந்தினி இஞ்சயே நிக்கட்டும்.”

தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களை மட்டும் எடுக்காமல் வைத்திருக்கும்படி நீதி அமைச்சரே சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் வெளியில் வந்தது. விசாரணை நடந்து, கடைசியில் அரசாங்கமே போனது. அதற்கு எவ்வளவோ முன்னமே சாந்தினி வந்து சேர்ந்துவிட்டாள். ஒடென்சேப் பொடியனின் மனைவியும் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். தபாலதிபருக்குத்தான் கடைசிவரை ஆறவில்லை. வந்த கடதாசியைக் கிடத்தி வைக்கிறவனெல்லாம் ஒரு உத்தியோகத்தனோ என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று கூண்டிலிருந்து திரும்பும்போதே, யீட்காவைப் பார்க்க ஜெர்மனிக்கு நானே போவதென்று முடிவெடுத்துவிட்டேன். என்னிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது, விடுமுறையும் மிச்சம் இருந்தது. சேலை கட்டிய ஒரு மனுசியை எந்தக் காவற்காரன் சந்தேகப்படப் போகிறான்? பின்னேரம் வாஷெக்கிடம் சொன்னேன். அவன் ஒன்றும் எழுதித் தரவில்லை, எழுத்து அவளுக்கு ஆபத்து என்றான். என்னைப் புல்லில் நிறுத்தி ஒன்றை மட்டும் செய்துகாட்டச் சொன்னான். பிறந்ததிலிருந்து செய்கிறேன், எனக்கா பழக்க வேண்டும்?

ஜெர்மனியில் அந்த ஆறு உண்மையான ஆறு. இரைச்சலில் பக்கத்து ஆளின் குரல் கேட்காது. வீராங்கனைகள் கையை அசைத்து அசைத்துக் கரையில் நடந்து பாடமாக்கினார்கள். படத்தில் பார்த்த முகம், கொஞ்சம் வயது கூடியிருந்தது. பின்னால் இரண்டு ஆண்கள், கை கட்டிக்கொண்டு. நான் கயிற்றோரம் நின்று கண்ணை மூடி, கைகளை அசைத்து, இரண்டு முட்டியாலும் நெற்றிப் பொட்டில் இரண்டு தரம் குட்டிக்கொண்டேன்.

யீட்கா நின்றுவிட்டாள். ஒருவன் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டான். சாமி கும்பிடுகிறேன் என்றேன், அது பொய்யுமில்லை. அவன் திரும்பிப் போகும்போது, அவன் முதுகுக்குப் பின்னால், அவள் தன் நெற்றியில் இரண்டு தரம் குட்டிக்கொண்டாள்.

பிறகு படகில் இறங்கி எனக்கு முன்னாலேயே வந்தாள். ஒரு தடியிலும் படவில்லை என்று ஒலிபெருக்கி சொன்னது. பட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திராது, கண் முழுக்கத் தண்ணீர். நடுவர் வேலைக்குத் தம்பிதான் சரி.